ஐயாவின் பெயரைக் கூப்பிடும் ஊர்

1

ஆனி மாதம் மகளுக்கு ஒரு படிவம் தபாலில் வந்தது. கலியாணப் பதிவுக்கு இங்கத்தை அரசாங்கக் கச்சேரி அனுப்பியது. நான்கு பக்கம். எல்லாவற்றையும் அரை மணித்தியாலத்தில் நிரப்பிவிட்டு ஒரு கேள்வியில் நின்றுவிட்டாள். கலியாணத்துக்குப் பிறகு உங்கள் குடும்பப் பெயர் என்ன?

"அப்பா, எங்கடை பேர் என்ன?" என்று கேட்டாள்.

இருபத்தெட்டு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வி.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளங்கும். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னுக்கு, பிள்ளை பெயர் பின்னுக்கு. நான் செல்லையா நவரத்தினம். நவரத்தினம் நான், செல்லையா என்னுடைய தகப்பனார். அவரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். சுவிஸுக்கு வந்த அன்று மேசையில் இருந்து எழுதியவர் ஐயாவின் பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டார். அன்றிலிருந்து நான் செல்லையா. மனுசி செல்லையா. இங்கே பிறந்த துளசியும் செல்லையா.

அதுவும் செல்லையா இல்லை. ஆங்கில எழுத்தில் அது சி, எச் என்று தொடங்குகிறது. நாங்கள் இருக்கிற, தூண் என்கிற பட்டினத்து ஆட்கள் அந்த இரண்டு எழுத்தையும் தொண்டையில் இருந்து எடுப்பார்கள், காறித் துப்பப் போகிறவர் மாதிரி. ஹெல்லியா. வேலையிடத்தில் முப்பது வருடமாக நான் ஹெல்லியா. முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை. அங்கே இருக்கிற கிழவிகளும் ஹெல்லியா என்றுதான் சூப் கேட்பார்கள்.

ஐயா எங்கள் ஊர் அச்சுவேலியை விட்டு அதிகம் போகாத மனிதர். ஒருமுறை காங்கேசன்துறைக்குப் போனார், முந்திரிகைப் பந்தலுக்குத் தூண் வார்க்கச் சீமெந்து எடுக்க. நெல்லியடிக்கு இரண்டு மூன்று செத்தவீட்டுக்குப் போயிருப்பார். அவ்வளவுதான் அவருடைய பயணம். அவருடைய பெயர்தான் இப்படித் திரிகிறது.

மகளுக்கு நான் பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

2

மாப்பிள்ளை லூக்காஸ், சுவிஸ் பிள்ளை. நல்ல பிள்ளை. கோயில் மண்டபத்தில் தாலி கட்டுகிறதுக்குச் சம்மதித்துவிட்டான். நாள் ஆவணி கடைசியில்.

மனுசி சொன்னாள், அண்ணைக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்று.

சொல்கிறது என்றால் உங்களுக்குத் தெரியும். கலியாணத்தை உடன்பிறந்தவனுக்கு ரெலிபோனில் சொல்லமுடியாது. வீட்டுக்குப் போய், இருந்து, தண்ணி குடித்து, இன்ன நாள், வந்து நடத்தித் தாங்கோ என்று வாயால் சொல்லவேண்டும். சொல்லாத வீட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். வந்தால் அது மரியாதை இல்லை.

என்னுடைய ஒரே அண்ணை இராசேந்திரம். இத்தாலியில் இருக்கிறார். அவரோடு நான் கதைத்துப் பதினாறு வருடம்.

காரணம் இதுதான். ஐயா மோசம்போனபோது மூத்த மகன் கொள்ளி வைக்கவேண்டும். அண்ணை போகவில்லை. சித்தப்பாவின் மகன் வைத்தான். எனக்கு விசயம் தெரிந்த உடனே ரெலிபோன் எடுத்தேன்.

"ஐயான்ரை பேரை வைச்சுக்கொண்டு திரியிறாய். கொள்ளி வைக்க ஏன் நீ போகேல்லை?" என்று கேட்டேன்.

அண்ணையை அதுவரைக்கும் நான் நீங்கள் என்றுதான் சொல்வேன். அவர் என்னிலும் எட்டு வயது மூப்பு. அன்றைக்கு நீ என்று சொன்னேன். அவர் ரெலிபோனை வைத்துவிட்டார். நான் திரும்ப எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. அப்படியே பதினாறு வருடம் போய்விட்டது.

எனக்கும் அப்போது ஊருக்குப் போய்வர அனுமதிக் கடுதாசி இருக்கவில்லை. அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை.

அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்தபோது நான் ஒரு வேலை செய்தேன். அழைக்கிறவர் என்ற இடத்தில் குடும்பத்தில் மூத்தவரின் பெயர்தான் வரவேண்டும். என்னுடைய பெயருக்கு மேலே அண்ணையின் பெயரைப் போட்டேன். கேட்காமல் போட்டேன். முந்நூறு அட்டை அடித்து வந்துவிட்டது.

மனுசி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அவர் வராட்டி?"

நான் பெட்டியை மூடினேன்.

"கூப்பிடுறவர் இல்லாத கலியாணமே? வாற சனம் முதலிலை அவரைத்தான் கேக்கும். போய்ச் சொல்லுங்கோ."

"ஆடி மாதம். நல்ல காரியம் சொல்லக்கூடாது."

"பதினாறு வருசம் போச்சு. இனி மாதம் பாக்கிறியளே?"

துளசிக்கு லீவும் ஆடியில்தான் கிடைத்தது. மனுசிக்கு முழங்கால் நோ, நெடுந்தூரம் இருக்க ஏலாது. நானும் துளசியும் வெளிக்கிட்டோம்.

3

கண்டர்ஸ்ரேக் என்கிற இடத்தில் காரை ரயிலில் ஏற்றி, மலைக்குள்ளாலே கொண்டுபோய் அங்காலே இறக்குவார்கள். இருட்டுக்குள் காருக்குள் இருந்தபடி பதினைந்து நிமிடம். துளசி கேட்டாள், பெரியப்பாவிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று. இன்ன நாள், வந்து நடத்தித் தாங்கோ, அவ்வளவுதான் என்றேன். சொல்லிப் பாருங்கள் என்றாள். சொல்லிப் பார்த்தேன். "இன்ன நாள்" வரைக்கும் வந்தது.

பிறகு சிம்ப்லோன் மலை. பிறகு இத்தாலி. நெல்வயல் தாண்டி, மத்தியானத்துக்குப் பிறகு குன்றுகள் வந்தன. குன்று முழுக்க வரிசை வரிசையாக முந்திரிகை. ஐயாவின் பந்தல் ஆறு பரப்பு, அரை ஏக்கருக்கும் குறைவு. அதையே ஊர் பெரிய தோட்டம் என்று சொல்லும்.

"இவ்வளவும் முந்திரிகை" என்றேன்.

"அப்பா, முந்திரி எண்டால் கஜு. இது திராட்சை" என்றாள் துளசி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அப்படித்தான் படிப்பித்திருக்கிறார்கள்.

"உனக்குத் திராட்சை. எனக்கு முந்திரிகை."

"அப்ப கஜு?"

"அது மரமுந்திரிகை."

"ஓகே" என்றாள். நம்பவில்லை.

அண்ணை இருக்கிற ஊரின் பெயர் நெய்வே. நெய் என்று தொடங்குகிறதால் நான் ஒருநாளும் மறக்கவில்லை. குன்றின் உச்சியில் பழைய ஊர். கீழே புது வீடுகள். கார் மேலே அதிக தூரம் போகாது. இறங்கி, உருண்டைக் கல்லுப் பதித்த ஒழுங்கையால் நடக்கவேண்டும். இரண்டு பக்கமும் செங்கல் வீடு, ஒன்றின் தோளில் ஒன்று. யன்னல் எல்லாம் அடைத்துக் கிடந்தது. வெயிலுக்கு அடைக்கிறார்களாம். சனம் இல்லாத ஊர் என்று நினைத்தேன்.

அண்ணையின் வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருக்கவில்லை. துளசி தபால்பெட்டிகளை வாசித்துக்கொண்டு போனாள். ஒரு பெட்டியில் இரண்டு பெயர் ஒட்டியிருந்தது. மேலே, செல்லையா ஆர். கீழே, இராசேந்திரம் சி.

"பெரியப்பாவோடை ஆரோ இருக்கினமோ?" என்றாள்.

எனக்குத் தெரியாது. எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஐயாவின் காது, ஐயாவின் கழுத்து. வருகிறோம் என்று துளசிதான் ரெலிபோனில் சொல்லியிருந்தாள், நான் கதைக்கவில்லை.

"வாங்கோ" என்றார். துளசிக்கா எனக்கா என்று தெரியவில்லை. அவர் எனக்கு வாங்கோ சொல்கிறவர் இல்லை. வா என்கிறவர்.

4

இருந்து தண்ணி குடித்தேன். சொல்லியிருக்கலாம். அண்ணை எழும்பி, ஊரைப் பாருங்கோவன் பிள்ளை, வெயில் தணிஞ்சுட்டுது என்றார். நானும் பின்னாலே போனேன்.

அந்த ஊரை எழுதவேண்டும். அச்சுவேலிச் சந்தையில் ஒரு காலை நேரம் நிற்கிற சனம் அந்த முழு ஊரிலும் இல்லை. நடுவில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம், உயரம், செங்கல். அதைச் சுற்றித்தான் ஒழுங்கை எல்லாம் வளைகிறது. எங்கே திரும்பினாலும் அதன் கீழே வந்து நிற்போம். பல நூறு வருடப் பழசு என்றார் அண்ணை. அந்தக் காலத்தில் சண்டைக்காரர் வருகிறார்களா என்று பார்க்கக் கட்டினது. இப்போது வெளிநாட்டுச் சனம் வந்து படம் எடுக்கிறது. கதவுகளையும் படம் எடுக்கிறார்கள். பழைய கதவு, வர்ணம் உரிந்த கதவு. ஊரில் அப்படி ஒரு கதவு இருந்தால் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் போடுவோம், மாற்றித் தரச்சொல்லி.

நாலு மணிக்குப் பிறகு யன்னல்கள் திறந்தன. சனம் வெளியே வந்தது. அப்போதுதான் நான் அதைக் கேட்டேன்.

"கெல்லியா!"

ஒரு கிழவர் மர வாங்கிலில் குந்தியிருந்தபடி கையைத் தூக்கினார். அண்ணை கையைத் தூக்கினார். பாண்கடைக்காரி உள்ளே இருந்து கூப்பிட்டாள், கெல்லியா. கோயில் படி கூட்டுகிற மனிதன், கெல்லியா. ஒருத்தி மேல்மாடி யன்னலில் இருந்து எங்களைக் காட்டி ஏதோ கேட்டாள், முடிவில் கெல்லியா.

இந்தச் சனத்துக்கு சி, எச் என்று இருந்தால் அது க. அப்படித்தான் அவர்கள் வாசிக்கிறது. துளசிதான் எனக்கு விளங்கப்படுத்தினாள்.

"அப்பப்பாவைத்தான் கூப்பிடுகினம்" என்றாள்.

நான் அண்ணையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஐயாவின் பெயரை வைத்துக்கொண்டு திரிகிறாய் என்று நான் சொன்னது இதைத்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு நிலவறையில் வைன் ருசி பார்க்கக் கொடுத்தார்கள். அண்ணை வேலை செய்கிற தோட்டத்து வைன். தோட்டம் ஒரு வயதான அம்மாவினுடையது, எல்லோரும் சின்யோரா என்கிறார்கள். கறுத்த சிவப்பு, நல்ல வாசம். வாயில் விட்டேன். பச்சைப் பாக்குக் கடித்தது மாதிரி நாக்கை இழுத்தது. அண்ணை என்னுடைய முகத்தைப் பார்த்தார்.

"பழகவேணும்" என்றார்.

அன்றைக்கு அவர் எனக்கு நேராகச் சொன்ன முதல் சொல் அது.

5

இரவுக்கு அண்ணையே சமைத்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், முட்டைக் குழம்பு. ருசி அம்மாவின் கை மாதிரி. அதை நான் சொல்லவில்லை.

மேசையில் மூன்று பேர். துளசிதான் கதைத்தாள். லூக்காஸைப் பற்றி, வேலையைப் பற்றி. நான் ஒவ்வொரு வாய்க்கும் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அட்டை காற்சட்டைப் பையில் இருந்தது.

"பெரியப்பா, தபால்பெட்டியிலை ரெண்டு பேர் கிடக்கு. மற்ற ஆள் எங்கை?"

"மற்ற ஆளும் நான்தான் பிள்ளை."

வரிக் கடுதாசி ஒருவனுக்கு வரும், ஆஸ்பத்திரிக் கடுதாசி மற்றவனுக்கு வரும், ஒரு பெயரை எடுத்தால் பாதிக் கடுதாசி திரும்பிப் போய்விடும் என்றார். துளசி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நீ ஏன் பெரியப்பா அப்பப்பான்ரை செத்தவீட்டுக்குப் போகேல்லை?"

என் கை சோற்றில் நின்றுவிட்டது.

இதையும் சொல்லவேண்டும். இங்கத்தைப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் மொழியில் சொந்தக்காரர் எல்லோரும் நீ. அந்நியருக்கும் அதிகாரிக்கும்தான் நீங்கள். எங்களோடு நீங்கள் என்று சொல்லச் சின்ன வயதில் இருந்தே பழக்கினோம். ஆனாலும் ஆட்களில் பாசம் வந்து வேகமாகக் கதைத்தால் நீ வந்துவிடும். அண்ணைக்கு அது எப்படித் தெரியும்? அதே கேள்வி, அதே நீ. பதினாறு வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து இரண்டாம் முறை.

"துளசி, நீங்கள் எண்டு சொல்லு" என்றேன்.

அண்ணை பருப்புக் கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கியது.

"தேப்பனும் நீ எண்டுதான் கேட்டவன். இவள் வடிவாக் கேக்கிறாள்" என்றார்.

பிறகு சொன்னார். அவளுக்குத்தான் சொன்னார், நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

அவருடைய இருப்பு அனுமதிக் கடுதாசி முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்திருந்த காலம் அது. பழைய கடுதாசியில் செல்லையா குடும்பப் பெயர். பாஸ்போட்டில் மாறி, இராசேந்திரம் குடும்பப் பெயர். மேசையில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம்.

"இதிலை ஆர் நீ எண்டு கேட்டார். ரெண்டும் நான் எண்டன். அப்ப ரெண்டு பேரும் வாங்கோ எண்டு நாள் எழுதித் தந்தார்."

துளசிக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் நின்றுவிட்டது.

"ஒரு பேர் என்ரை, ஒரு பேர் என்ரை தேப்பன்ரை எண்டு சொன்னன். அப்ப தேப்பனையும் கூட்டிக்கொண்டு வா எண்டார். அந்தக் கிழமைதான் ஐயா போனது."

கடுதாசி கைக்கு வர ஐந்து மாதம் எடுத்ததாம். அது இல்லாமல் இத்தாலியை விட்டுப் போனால் திரும்பி வர ஏலாது. போயிருந்தாலும் கொள்ளிக்குப் பிந்தித்தான் போயிருப்பார்.

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?" என்றேன்.

"நீ கேக்கேல்லைத் தம்பி. தீர்ப்புத்தான் சொன்னாய்."

"எனக்கும் அப்ப போகக் கடுதாசி இல்லை."

"தெரியும்" என்றார். "சாப்பிடு. சோறு ஆறுது."

அவ்வளவுதான். நான் சாப்பிட்டேன். அட்டையை எடுக்கவில்லை. அந்தக் கதைக்குப் பின்னாலே அதை நீட்ட எனக்கு முகம் இருக்கவில்லை.

6

காலையில் எழும்பியபோது அண்ணை இல்லை. சனிக்கிழமையும் வேலையாம். துளசி நித்திரை. நான் கோப்பி போட்டுக் குடித்துவிட்டு, முதல் நாள் அவர் யன்னலால் காட்டிய தோட்டத்துக்கு நடந்தேன்.

பந்தல் இல்லை. வேலி மாதிரிக் கம்பியில் நிமிர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மண் வெள்ளை, சாம்பல் கலந்தது. எங்கள் செம்மண் மாதிரி இல்லை. வாய்க்கால் இல்லை, கிணறு இல்லை. தண்ணி இறைக்கிறதே இல்லையாம். தண்ணி இறைக்காமல் ஒரு தோட்டமா என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வரிசையின் முடிவில் அண்ணை நின்றார். கையில் கத்தரி. ஒரு குலையைப் பிடித்தார், வெட்டினார், நிலத்தில் போட்டார். அடுத்ததைப் பிடித்தார், வெட்டினார், போட்டார். நல்ல குலை. நிறம் பிடிக்கத் தொடங்கிய குலை. வரிசை நீளத்துக்கும் நிலத்தில் கிடந்தது.

நோய் வந்துவிட்டதோ என்று ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நோய் இல்லை. ஐயாவின் பந்தலில் கிளி கொத்தி விழுந்த குலையைக்கூட அவர் கழுவி, கொத்தின பழத்தைக் கிள்ளிவிட்டு எங்களுக்குத் தருவார். நிலத்தில் கிடக்கிறதைத் தாண்டி நடந்தால் முதுகில் விழும்.

ஓரத்தில் ஒரு வாளி கிடந்தது. எடுத்தேன். குனிந்து பொறுக்கத் தொடங்கினேன்.

"பொறுக்காதை" என்றார் அண்ணை.

நான் பொறுக்கினேன்.

"தம்பி, உது விடுறதுக்குத்தான் வெட்டுறது. பாதி விழுந்தால்தான் மிச்சம் ருசிக்கும். இஞ்சை முறை அப்பிடி."

"புளிக்காவது ஆகும்."

"முதல் வருசம் நானும் பொறுக்கினனான்" என்றார். "எல்லாரும் பாத்துச் சிரிச்சவை. பிறகு கை பழகிட்டுது. கண் இன்னும் பழகேல்லை. கீழை பாக்காமல்தான் வெட்டுறனான்."

உண்மைதான். வெட்டும்போது அவர் கீழே பார்க்கவில்லை. குலை விழுகிற சத்தம் வரும்போது கண் அடுத்த குலையில் இருந்தது.

வாளி பாதி நிறைந்தபோது துளசியும் வந்துவிட்டாள். ஒன்றை வாயில் போட்டு முகத்தைச் சுருக்கினாள். மேலே வீட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது.

"கெல்லியா!"

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம்.

கூப்பிட்டது சின்யோரா. எண்பது வயது இருக்கும், தடியோடு நின்றா. ஒரு பெயரைக் கூப்பிட மூன்று தலை திரும்பினதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டா. பிறகு வாய்விட்டுச் சிரித்தா. விரலால் ஒவ்வொருவராகக் காட்டிச் சொன்னா, கெல்லியா, கெல்லியா, கெல்லியா.

பிறகு என்னுடைய வாளியைக் கண்டா. சிரிப்பு மாறியது. கிட்ட வந்து அண்ணையிடம் நீளமாக ஏதோ சொன்னா. அண்ணை எனக்குச் சொன்னார், அவவின் மனுசனும் சாகும்வரைக்கும் இந்த வெட்டுக்குச் சம்மதிக்கவில்லையாம். பாவம் என்று சொல்லுவாராம். மகன் வெட்டிப் போட்டால், ஒருவரும் பார்க்காத நேரம் வாளியோடு வந்து பொறுக்குவாராம்.

அவ போன பிறகு அண்ணை கத்தரியைப் பையில் வைத்தார்.

"நீ சொன்னது சரிதான்" என்றார். "ஐயான்ரை பேரை வைச்சுக்கொண்டுதான் திரியிறன். இஞ்சை ஒவ்வொரு நாளும் ஆரோ ஒராள் ஐயாவைக் கூப்பிடும். ஓம் எண்டு நான் போய் நிப்பன். கொள்ளி வைக்க ஏலாமல் போச்சு. இதாவது செய்வம் எண்டு."

கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் கொடுத்தேன்.

அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. அட்டையைத் தூரப் பிடித்து, விரல் வைத்து, எழுத்து எழுத்தாக வாசித்தார். பிள்ளையார் சுழியில் இருந்து தொடங்கினார். அழைக்கிறவர் என்ற இடத்தில் விரல் நின்றது. செல்லையா இராசேந்திரம். தகப்பன் முன்னுக்கு, பிள்ளை பின்னுக்கு. விரல் அந்த இடத்தில் இருந்து அசையவில்லை. துளசி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"கேக்காமல் போட்டிட்டாய்" என்றார்.

"ஓம் அண்ணை. நீங்கள்தானே கூப்பிடவேணும்."

திரும்பவும் ஒருமுறை வாசித்தார்.

"எழுத்துப் பிழை இல்லை" என்றார்.

அட்டையை மடிக்காமல் சேட்டுப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டார்.

"ஆவணி கடைசி எண்டால் வெள்ளை முந்திரிகை வெட்டுத் தொடங்கிற கிழமை."

ஐயாவும் அப்படித்தான். பந்தலில் பழம் என்றால் ஒரு கலியாணத்துக்கும் போகமாட்டார். அண்ணை மேலே வீட்டுக்கு நடந்தார். தூரத்தில் அவரும் சின்யோராவும் கதைக்கிறது தெரிந்தது. அவ விரல் மடித்து நாள் எண்ணினா, தலையை ஆட்டினா. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கெல்லியா மட்டும் இரண்டு முறை கேட்டது. திரும்பி வந்து கத்தரியை எடுத்தார். வெட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருமுறை கேட்டதே போதும்.

மத்தியானம் நாங்கள் வெளிக்கிட்டோம். வாளியைக் காருக்குள் அவரே வைத்தார். காருக்குள் குனிந்து துளசியைக் கேட்டார்.

"பிள்ளை, வேட்டி கட்டவேணுமோ, கோட் போடவேணுமோ? வேட்டி எண்டால் எனக்கு ஆரும் இடுப்பிலை கட்டிவிடவேணும். மறந்துபோச்சு."

"அப்பா கட்டிவிடுவார்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார்.

"கட்டிவிடுறன் அண்ணை" என்றேன்.

"சரி. போயிட்டு வா" என்றார்.

வா என்றார்.

7

வழியில் துளசிக்கு விளங்கப்படுத்தவேண்டி இருந்தது. ஏன் அவர் ஓம் வாறன் என்று சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லிவிட்டார் என்றேன். எப்போது என்றாள். வேட்டி என்று சொன்னபோது என்றேன். நீங்கள் இரண்டு பேரும் இப்படித்தானா என்றாள். ஓம் என்றேன்.

கொன்டோ எல்லையில் மறித்தார்கள். அதிகாரி பாஸ்போட்டை விரித்து, தொண்டையால் எடுத்துக் கூப்பிட்டார், ஹெல்லியா. துளசி ஓம் என்றாள். அவருக்கு ஓம் என்றால் என்ன தெரியும். பிறகுதான் அவளுக்கு விளங்கி, யா என்றாள். வாளியைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். முந்திரிகை என்றேன் நான். துளசி மொழிபெயர்த்தாள். ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, போங்கள் என்று கையைக் காட்டினார்.

மனுசி நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"சொன்னியளோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். இன்ன நாள், வந்து நடத்தித் தாங்கோ. அதை நான் கடைசிவரைக்கும் சொல்லவே இல்லை.

"அட்டையைக் குடுத்தன்."

"என்ன சொன்னவர்?"

"எழுத்துப் பிழை இல்லையாம்."

அவள் வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த நாள் மீன் குழம்புக்குப் பழப்புளி கரைக்கவில்லை. அந்த முந்திரிகைக் காயை நசித்து ஊற்றினாள். நன்றாக இருந்தது. ஐயா இருந்தால் இரண்டாம் முறை சோறு கேட்டிருப்பார்.

துளசி படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டாள். என்ன பெயர் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. தபால்பெட்டியில் இரண்டு பெயர் ஒட்டலாம்தானே அப்பா என்று மட்டும் சொன்னாள். ஒட்டலாம் என்றேன்.

நேற்று ரெலிபோன் அடித்தது. நான் குசினியில் நின்றேன். துளசி எடுத்தாள்.

"பெரியப்பா! ரிக்கற் போட்டாச்சோ? நீ எத்தினை மணிக்கு வந்து இறங்குறாய்?"

மனுசி என்னைப் பார்த்தாள். நான் திருத்தவில்லை.